நல்ல தண்ணி கேட்ட படகு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் ஒரு படகு வந்து நின்றது. செஞ்சியில் படகா என்று சிரிக்காதீர்கள்... என் மச்சான் சேகர் அதை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறான். பழைய ஸ்பீட் போட் ஒன்றை வாங்கி ஏரியில் சவாரி விடுகிறான். "படகு படுத்துக்கிச்சுன்னா மறுநாளே உரக்கடைக்கு வந்துடணும்" — இது உரக்கடை வைத்திருக்கும் அவன் நைனா போட்ட கண்டிஷன்.

ஏரிப் படகு ஏரியோடு இருக்கக் கூடாதா? சேகர் துரைக்கு ஆசை விடவில்லை. டிரெய்லரில் ஏற்றிப்போய் மரக்காணத்துக் கடலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டார். அதற்கப்புறம்தான் மெக்கானிக்குக்கு போன்!

இன்ஜின் சூடாகாமல் இருக்க வெளித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். கடல் தண்ணீர் உள்ளே தங்கினால் அரித்துத் தின்றுவிடுமாம். "உப்புத் தண்ணி உள்ள நிக்கக் கூடாது. டிரம்முல நல்ல தண்ணி ரொப்பி, இன்ஜினை அதுல வுட்டு ஓட்டு" என்றாராம். அரிப்பையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு இன்ஜினைக் காப்பாற்ற ஒரு உலோகக் கட்டி இருக்கிறதாம், இனிமேல் கடலில் விடுவதானால் அதையும் கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றச் சொன்னாராம். எங்கள் குடும்பத்தில் அந்த வேலைக்கு நான் இருக்கிறேன்.

எங்கள் ஊரில் உப்புத் தண்ணி என்றால் போர்வெல்லில் வரும் போர் தண்ணீர். நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். சேகர் அப்படித்தான் புரிந்துகொண்டான்.

"மாமா, உங்க வீட்லதான் நல்ல தண்ணி இருக்குது."

குடம், அண்டா, கேன்... எல்லாவற்றையும் என் மனைவி தூக்கிக் கொடுத்தாள். தம்பி பிழைப்பு ஆயிற்றே! நான் குடிக்க வைத்திருந்த சொம்பும் போனது.

டிரம்மில் முங்கிய இன்ஜின் ஜோராக ஓடியது. மனைவி கல்லுப்பும் மிளகாயுமாக வந்தாள். "கடக்கரையில அத்தினி பேரு பாத்திருப்பாங்க. கண்ணு பட்டிருக்கும்" என்று படகுக்குச் சுற்றினாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில்தானே கரைக்க வேண்டும்? பக்கத்தில் தண்ணீர் எங்கே இருந்தது?

டிரம்மில். போட்டேவிட்டாள்.

சேகர் பாய்ந்துபோய் இன்ஜினை நிறுத்தினான். "போச்சு மாமா. நாளையிலேர்ந்து யூரியா மூட்டைதான்" என்றான். எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், பாவம் ஒருபக்கம். வீட்டிலோ நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

மறுபடி மெக்கானிக்குக்கு போன்.

"இன்னாது... குடிக்கிற தண்ணியையா ஊத்துனீங்க? போர் தண்ணியே போதும்பா. கடல் தண்ணியா இல்லாம இருந்தா சரி."

டிரம்மைக் கவிழ்த்து, போர் தண்ணீரை நிரப்பி, மாலை வரை மாற்றி மாற்றி ஓட்டினோம். மறுநாள் ஏரியில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா, நான் உப்பு சுத்திப் போட்டதாலதான் தப்பிச்சுது" என்றாள் மனைவி.

சேகர் என்னைப் பார்த்தான். நான் ஆமாமென்று தலையாட்டினேன்... சாம்பாருக்கு உப்புப் போடுவதும் அவள்தானே!