பெரட்டுக்களத்தில் கிடைத்த 'ஆமாங்க'

சென்ற ஆண்டு, ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் கற்பிப்பவள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஏன் அடிக்கடி வருகிறது என்று அவர்களோடு சேர்ந்தே ஆராய்வது, நிர்வாகத்திடம் என்ன கேட்பது என்பதையும் அவர்களையே முடிவு செய்ய விடுவது என்பதுதான் திட்டம். ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் அனுமதி.

ஆய்வாளர்கள் தங்கள் பின்னணியைப் படிவத்தில் எழுத வேண்டும். மற்றவர்கள் பட்டங்களை அடுக்க, நான் 'தோட்டத்துப் பிள்ளை' என்று எழுதினேன். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். எனக்கு ஐந்து வயதானபோது அப்பா பதுளையில் கடை போட்டார், எல்லோரும் அங்கே போய்விட்டோம். ஆனாலும் எழுதும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

கூட்டத்தைப் பெரட்டுக்களத்தில் வைத்தேன். காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடம், எல்லோரும் எப்படியும் வருவார்கள் என்ற கெட்டிக்காரத்தனம். வந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றார்கள்.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு, வேலையிடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். "ஆமாங்க." தண்ணீர்த் தாங்கி கேட்போமா? "ஆமாங்க." பத்து நிமிடத்தில் முடிந்தது; நிர்வாகத்துக்குக் கடிதமும் எழுதிவிட்டேன். எனக்குப் பரம திருப்தி.

மாலையில் சப்பாத்துச் சேற்றைக் கழுவ, லயத்தார் குளிக்கவும் துவைக்கவும் வரும் நீர்க்குழாயான பீலியடியில் நின்றேன். காலையில் முன்னால் நின்ற ஓர் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். தாங்கி வந்தால் நல்லதுதானே என்று பேச்சுக் கொடுத்தேன்.

"தண்ணி இருக்கு மிஸ். நாங்கதான் குடிக்கிறதில்ல. குடிச்சா ஒதுங்க எடம் வேணுமே, கொழுந்தெடுக்கிற மலையில கக்கூசு ஏது?"

காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"பெரட்டுல யாரு மிஸ் பேசுவா? ஆமாங்கன்னுட்டு மலைக்குப் போறதுதான். தோட்டத்துப் புள்ளைன்னு சொன்னீங்களே, இது தெரியாதா?"

தெரியாது. அம்மா அந்த வரிசையில் நின்ற காலத்தில் நான் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் தூங்கிக்கொண்டிருந்தேன். இன்று காலையோ கையில் கோப்போடு, தோட்டத்துத் துரை நிற்கிற இடத்தில் நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

தாங்கிக் கடிதத்தைக் கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமை பீலியடியிலேயே மறுபடி கூடினோம். அங்கே என்னை வாய் திறக்கவே விடவில்லை. கழிப்பறைதான் கேட்டோம். இதுவரை இரண்டு மலைகளுக்கு வந்திருக்கிறது.

இப்போதும் அந்தப் படிவம் கைக்கு வருகிறது. 'தோட்டத்தில் பிறந்தவள், பெரட்டில் நின்றதில்லை' என்று முழுசாக எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.