சொந்த ஊரைச் சுற்றிப் பார்த்த அத்தான்

என் அக்காவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அவளைத் தடுக்க ஆள் கிடையாது. அத்தானை ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் ஏற்றப் போகிறேன் என்றாள். எந்த ஊரை? நாங்கள் பிறந்து வளர்ந்து குப்பை கொட்டுகிற இதே தலைநகரத்தைத்தான்!

"உனக்கென்ன கிறுக்கா?" என்றேன்.

"சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காருடா. திரும்ப ரயில் ஓட்ட வர்றாரா இல்லையான்னு நாளைக்கு ஆபீஸ்ல சொல்லணும். வெளிக்காத்து பட்டா சரியாயிடுவார். ஓட்டாம அவரால இருக்க முடியாது. நீயும் கூட வா."

அத்தான் சுரங்க ரயில் ஓட்டுகிறவர். போன மாதம் ஒரு ஸ்டேஷனுக்குள் அவர் வண்டி நுழையும்போது ஒரு பெண் தண்டவாளத்தில் குதித்துவிட்டாள். உடனே பிரேக் போட்டார். அவ்வளவு கனமான வண்டி உடனே எங்கே நிற்கும்? யாரும் அவர்மேல் தப்பு சொல்லவில்லை. அதற்கப்புறம் மனிதர் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், போடாவிட்டால் கேட்கவில்லை. அழுது தொலைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பஸ்ஸின் மாடியில் முன்சீட்டு பிடித்தாள் அக்கா. கைடு பெண் மைக்கில், "நீங்கள்லாம் எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டாள்.

"இதோ, அந்தப் பாலத்துக்குப் பின்னாடியிருந்து" என்றாள் அக்கா.

பஸ்ஸே சிரித்தது. அத்தானும் சிரித்தார், பல் டாக்டரிடம் வாயைக் காட்டுவது மாதிரி.

பாராளுமன்றம், மணிக்கூண்டு, எவனோ ஒரு ராஜா குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சிலை. அக்கா எல்லாவற்றுக்கும் ஒரு "அடேயப்பா" போட்டாள்.

"என்னங்க, எவ்வளவு உயரம் பாருங்க!"

"ம்."

"வெயில் படுதா?"

"ம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிலையைத் தாண்டும்போது மட்டும் அவராகவே வாயைத் திறந்தார். "இதுக்கு நேர் கீழ ஒரு வளைவு இருக்கு. மெதுவாத்தான் போகணும்."

மத்தியானம் பஸ் நின்றது. கைடு குடையை உயர்த்திப் பிடித்து, "மிச்ச இடமெல்லாம் ரயில்ல போறோம், என் பின்னாடியே வாங்க!" என்றாள். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பஸ் படத்தைப் பார்த்து டிக்கெட் வாங்கியவள், ரயிலும் அதில் சேர்த்தி என்பதைக் கவனிக்கவே இல்லை.

"வேணாங்க, டாக்ஸி பிடிச்சு வீட்டுக்குப் போயிடலாம்" என்று சட்டையைப் பிடித்தாள். அவர் குடைக்குப் பின்னால் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஓடினோம்.

எங்கள் வீடு ரயில் டிப்போவுக்கு அடுத்த தெரு. அத்தான் அங்கேயே வண்டியில் ஏறி, அங்கேயே இறங்குவார். பயணிகளோடு பிளாட்பாரத்தில் நின்று ரயிலுக்குக் காத்திருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எங்கே நிற்பது என்று தெரியாமல் எங்கள் நடுவில் நின்றார்.

வண்டி வந்தது. முதலில் விளக்கு, அப்புறம் கண்ணாடி, கண்ணாடிக்குள் டிரைவர். எங்களைத் தாண்டிப் போய் நின்றது.

"மாப்ள, உனக்கு அவன் முகம் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது அத்தான். சின்னப் பையன். என்னமோ மென்னுக்கிட்டு வந்தான்."

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"லைட் வெளிச்சத்துல உள்ள இருக்கறவன் தெரிய மாட்டான்னுதான் டிரைவருங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்கோம்" என்றார். "அவ என்னைப் பார்த்திருக்கா மாப்ள. கடைசியா பார்த்தது என் மூஞ்சியைத்தான்."

"விடுங்க அத்தான்..."

"அப்போ நான் கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தேன்டா."

கதவுகள் மூடின. உள்ளேயிருந்து கைடு எங்களைப் பார்த்துக் குடையை ஆட்டினாள். ரயில் கிளம்பிப் போய்விட்டது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தாள். ஆபீஸுக்குத்தான்.

"நான் அவரோட சம்சாரம் பேசறேன். அவர் இனிமே வண்டி ஓட்ட மாட்டார்."