கார்த்திகைக்கு எடுத்து வைத்த குளிசைகள்

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எழுவைதீவுக்குப் போய் வந்தேன். கோயிலுக்கு அல்ல, சுகாதாரக் கணக்கெடுப்புக்கு. சுதா என்ற உத்தியோகத்தர் வீடு வீடாகப் போய்ச் சாப்பாடு, புகைத்தல், பிறசர் என்கிற இரத்த அழுத்தம், சீனி வருத்தம் பற்றிக் கேட்டு எழுதுகிறார். அடுத்த வருடம் தீவுகளுக்கு என்ன மருத்துவ வசதி தேவை என்பதை இந்தப் பதில்களை வைத்துத்தான் தீர்மானிப்பார்களாம். தெரியாத முகத்துக்கு அங்கே எளிதில் வாய் திறக்க மாட்டார்கள். நான் முப்பது வருடம் அந்தத் தீவில் மீன் வாங்கி விற்றவன். அதனால் என்னையும் கூட வரச் சொன்னார்.

நான் இருக்கும் நாரந்தனையிலிருந்து ஊர்காவற்றுறைத் துறைக்குச் சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம். ஏழரைக்கு என்ற படகு ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டது. கட்டணம் அன்று நூறு ரூபாய், கடலில் நாற்பது நிமிடம். நான் வாசிக்கப் பழகி ஒன்பது மாதம்தான் ஆகிறது. துறையில் இருந்த பலகையில் ஒரு சொல்லையும் விடாமல் வாசித்து முடித்துத்தான், சுதாவின் படிவக் கட்டைச் சுமந்துகொண்டு அவரோடு ஏறினேன்.

"என்ன அண்ணை, மீன் கூடையை விட்டிட்டுப் பேப்பரோடை வாறீர்?" என்றார் படகோட்டி.

"கூடையை விடப் பேப்பர் பாரம் குறைவு" என்றேன். அது எவ்வளவு பிழை என்று மத்தியானம்தான் தெரிந்தது.

நாலாவது வீடு பறுவதம் அக்காவுடையது. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) கணவர் போன மழைக்காலத்தில் பாரிசவாதம் வந்து உள் அறையில் படுக்கையில் இருக்கிறார். தூக்குவது, குளிப்பாட்டுவது, சோறு தீத்துவது எல்லாம் அக்காதான்.

என்னைக் கண்டதும், "இஞ்சை பாருங்கோ, மீன்காரர் கணக்கெடுக்க வந்திட்டார். முதல்லை நிறுவையிலை அடிச்சதைத் திருப்பித் தாங்கோ" என்றா. சுதா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் உண்மை அதில் இருந்தது.

"அம்மா, பிறசர் குளிசையை ஒழுங்காப் போடுறனீங்களோ?" என்று சுதா கேட்டார்.

"ஓம் பிள்ளை. ஒரு நேரமும் தவற விடுறேல்லை."

பிறசர் பார்க்கும் பட்டியை அக்காவின் கையில் சுற்றிப் பார்த்த சுதாவின் முகம் மாறியது. இரண்டாம் முறையும் அளந்தார். பிறசர் மிகவும் கூட. மருந்துகளைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது. அக்கா மனமில்லாமல் ஒரு பிஸ்கற் பேணியைக் கொண்டுவந்தா. உள்ளே மருந்து உறைகள், நூலால் கட்டியபடி. மேலே இருந்ததை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று. மாதம், ஜூன்.

"அக்கா, ஜூன் மாதத்து உறை. பாதி அப்படியே கிடக்கு."

அவ உள் அறையைத் திரும்பிப் பார்த்தா.

"இரவுக் குளிசையை எடுத்து வைக்கிறனான். கார்த்திகையிலை கடல் கொந்தளிச்சுப் படகு நிண்டால் ஆர் கொண்டுவந்து தாறது? போன முறை பதினொரு நாள் மருந்தில்லை. அந்தக் கிழமைதான் அவருக்கு வாய் கோணினது. அவருக்கும் இதே குளிசைதான், இந்த முறை எடுத்து வைச்சது ரெண்டு பேருக்கும் காணும்."

"நீங்கள் விழுந்தால் அவரை ஆரம்மா தூக்குறது?" என்றார் சுதா.

"அதுக்காக உண்மையைச் சொல்ல ஏலாது பிள்ளை. மிச்சம் இருக்கெண்டு தெரிஞ்சால் கிளினிக்கிலை குறைச்சுத் தருவினம்."

"ஒழுங்காப் போடுறியள் எண்டு நான் எழுதினால், மருந்து காணாதெண்டு நினைச்சு அளவைக் கூட்டுவினம். படகு நிக்கிறது அங்கை இருக்கிறவைக்குத் தெரிய வராது."

படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்: ஒழுங்காக, ஒழுங்கின்றி. அக்கா என்னைப் பார்த்தா. கடைசியில், "எழுது பிள்ளை. ஆனால் படகையும் சேர்த்து எழுது" என்றா.

சுதா இரண்டாவது கட்டத்தில் அடையாளமிட்டு, ஓரத்தில் காரணத்தை எழுதி, என்னிடம் வாசிக்கத் தந்தார். நான் மெதுவாக வாசித்தேன்: "மழைக்காலத்தில் படகு நிற்கும் என்ற பயத்தால்..."

"பொறுங்கோ. பயம் எண்டதை வெட்டச் சொல்லுங்கோ. நான் பயப்பிடேல்லை, ஆயத்தப்படுத்தினனான்."

வெட்டித் திருத்தியதும் மறுபடி வாசித்தேன். அதன் பிறகு அக்கா எழுந்து வேலியடிக்குப் போய், "எடி, உவையளுக்கு உண்மையைச் சொல்லு. நான் சொல்லிப்போட்டன்" என்று அடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டா. மிச்சம் ஒன்பது வீடுகள் பார்த்தோம். ஆறு வீடுகளில் பேணி வெளியே வந்தது.

இரண்டு மணிப் படகுக்குத் திரும்பும்போது அக்கா படலையில் நின்றா. "இண்டைக்கு இரவுக் குளிசையைப் போடுறன். கார்த்திகைக்கு நீங்கள் வழி பாருங்கோ" என்றா. ஓம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் அதிகாரம் இல்லை. சுதா மட்டும், எழுதியதை மேலதிகாரிகளிடம் நேரில் கொண்டுபோய்க் காட்டுவதாகச் சொன்னார். காட்டியும் விட்டார். மழைக்கு முன் இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். இதை எழுதும்வரை முடிவு வரவில்லை.

எழுவைதீவுக்குப் போக நினைப்பவர்களுக்கு: குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேளுங்கள். ஐப்பசிக்கு முன் போவது நல்லது. அதற்குப் பிறகு போனால், படகில் இடம் குறைந்த நாளில் உங்கள் பயணத்தைத் தள்ளி வையுங்கள். மருந்தெடுக்கக் கிளினிக் கொப்பியோடு துறையில் நிற்பவர் முதலில் ஏறட்டும்.