அம்மாக்களை வீட்டுக்கு அனுப்பியவர்

விசாலம் டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் எர்ணாகுளத்தில், வேலை பார்க்கும் துணிக்கடையில், ஒரு கல்யாண வீட்டாருக்குப் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என் தோழி ஷெரீனா போனில் அழைத்தாள். "செல்வி, நம்மட டீச்சர் போயி" என்றாள். விரித்த புடவையை மடிக்க எனக்குக் கை வரவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்ட அந்த வீட்டு அம்மாளிடம், "எங்க டீச்சர் தவறிட்டாங்க" என்றேன். எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்றார். என் மகனின் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை என்று பட்டதால், முதலாளியிடம் லீவு கேட்கப் போனேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். உடலிலோ மனவளர்ச்சியிலோ குறை உள்ள பிள்ளைகளுக்காகக் கல்வி அலுவலகம் பள்ளிகளுக்கு அனுப்பும் சிறப்பு ஆசிரியை அவர். மட்டாஞ்சேரியில் சில பள்ளிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டில் இருந்தார். குள்ளமான உருவம், ஓட்டம் போன்ற நடை. பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு 'ஆக்கும்' வந்து விழும். நாங்கள் அவர் இல்லாத நேரத்தில் அப்படிப் பேசிக் காட்டிச் சிரிப்போம். அது அவருக்கும் தெரியும்.

என் மகன் கார்த்திக்குப் பேச்சு குறைவு, நடை தள்ளாட்டம், அதோடு வலிப்பும் உண்டு. மூன்று வயதில், நான் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது அவனுக்கு வலிப்பு வந்து, திரும்பி வந்து பார்த்தால் உதடெல்லாம் நீலமாகக் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்று முதல் ஒரு கூப்பிடு தூரத்துக்கு மேல் நான் அவனை விட்டுப் போனதில்லை. என் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட நான் மண்டபத்துப் பின்கட்டில் அவனோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவனைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா கூடவே இருக்க வேண்டும் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கழிப்பறைக்குக் கூட்டிப் போகவும் சோறு ஊட்டவும் அங்கே ஆள் இல்லை. அப்படிக் காத்திருக்கும் அம்மாக்கள் பள்ளிக்கு எதிரே இருந்த ஒரு பழைய சுக்கு மிளகு கிடங்கின் படிக்கட்டில் உட்கார்ந்திருப்போம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் மணியடித்த பிறகுதான் எழுவோம். மழைக்காலத்தில் ஆளுக்கொரு குடை. எனக்கு முன்பே ஷெரீனா தன் மகளுக்காக அந்தப் படியில் இடம் பிடித்திருந்தாள். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் அந்தச் சுவரைப் போலப் பழகிவிட்டோம்.

விசாலம் டீச்சர் அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்தபோது எங்களைப் பார்த்தார். "இங்க உக்காந்துண்டு என்ன பண்றேள்?" என்று கேட்டார். பிள்ளைகளுக்காக என்றோம். மறு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து, காலை முதல் சாயங்காலம் வரை எங்களோடு அதே படியில் உட்கார்ந்தார். அன்று நல்ல வெயில். கிளம்பும்போது முகம் சிவந்திருந்தது. "இது வேலையில்லை ஆக்கும். தண்டனையாக்கும்" என்றார்.

அதன்பிறகு பள்ளியில் அரிசி மூட்டை போட்டு வைத்திருந்த அறையைப் பெற்றோர் சங்கத்திடம் பேசிக் காலி செய்ய வைத்து எங்களுக்குக் கொடுத்தார். ஒரு மின்விசிறி, இரண்டு பாய். அந்த அறையில் நாங்கள் காய் நறுக்கினோம், பூ கட்டினோம், ஊர் வம்பெல்லாம் பேசித் தீர்த்தோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கேயே கூட்டம் போடுவார். பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்னென்ன தருகிறது, எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும், வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருவார். யாராவது கையைக் கூப்பினால் கோபம் வந்துவிடும். "இது தர்மமில்லை. உங்களுக்குள்ளது. காலை ஊனி நின்னு கேளுங்கோ" என்பார்.

அந்த அறை கிடைத்ததற்கு நான் அவரைத் தெய்வம் என்று சொல்லித் திரிந்தேன். பிறகு அவர் அதையே பூட்டினார்.

அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பள்ளிக்கு ஓர் ஆயாவை நியமிக்க வைத்திருந்தார். கழிப்பறையில் கைப்பிடி வந்தது. சரிவுப் பாதை வந்தது. ஒரு திங்கட்கிழமை நாங்கள் போனபோது அறையில் பூட்டு தொங்கியது. டீச்சர் வாசலில் நின்றிருந்தார்.

"எல்லாரும் ஆத்துக்குப் போங்கோ. வேலை இருந்தா வேலைக்குப் போங்கோ" என்றார்.

"டீச்சர், அவனுக்கு வலிப்பு வந்தா?"

"நான் இருக்கேன். ஆயா இருக்கா. நீங்க இங்க இருக்கற வரைக்கும் இந்த ஸ்கூல் உங்க பிள்ளையைப் பாத்துக்கப் படிக்காதாக்கும்."

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். பிள்ளை பெற்றிருந்தால் தெரியும் என்றும் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் மாறியது. ஆனாலும் சாவியைத் தரவில்லை. நாங்கள் பழைய கிடங்குப் படிக்கே போய் உட்கார்ந்தோம். ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். ஷெரீனா தையல் வேலைக்குப் போனாள். கடைசியில் நானும் வீட்டுச் செலவு நெருக்கியதால் எர்ணாகுளத்துத் துணிக்கடையில் சேர்ந்தேன். முதல் நாள் தோப்பும்படிப் பாலத்தைப் பஸ் தாண்டியபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுதான் இருந்தது.

அந்த முதல் வாரத்திலேயே அவனுக்குப் பள்ளியில் வலிப்பு வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அவனைக் கூட்டிவரப் போனபோது டீச்சரே சொன்னார்: வந்தது, உடனே நின்றுவிட்டது, தூங்கி எழுந்து கஞ்சி குடித்தான்.

"ஏன் என்னைக் கூப்பிடல?"

"விளிச்சிருந்தா நாளைக்கு நீங்க வேலைக்குப் போக மாட்டேள்."

"எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

நான் கார்த்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேலையும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம் என்று வீட்டில் இருந்தேன்.

சில நாள் கழித்து அவர் வீட்டுக்கு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்து, என் கணவர் போட்டுக் கொடுத்த சாயாவைக் குடித்தார். கார்த்தி எழுந்து போய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டான். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

"சொல்லாதது தப்பு செல்வி. உங்க பிள்ளை. உங்களுக்குத் தெரியணம். இனி எப்ப வந்தாலும் விளிக்கறேன்" என்றார். பிறகு, "ஆனா ரூமைத் திறக்க மாட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் அவனைப் பள்ளிக்கு அனுப்பினேன். அதன்பிறகு எப்போது வலிப்பு வந்தாலும் கடைக்குப் போன் வரும். "வந்துது. நின்னுடுத்து. வர வேண்டாம்." அவ்வளவுதான் பேசுவார். முதலில் ஒவ்வொரு முறையும் பஸ் பிடித்து ஓடினேன். அவர் திட்டவில்லை, வாசலில் நின்று, தூங்கும் பிள்ளையைக் காட்டித் திருப்பி அனுப்புவார். போகப்போகக் கடையிலேயே நின்று பழகினேன்.

கார்த்திக்கு இப்போது பதினேழு வயது. இன்னும் கொஞ்ச காலத்தில் பள்ளி முடிந்துவிடும். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகள் பகலில் எங்கே இருப்பார்கள் என்பதுதான் டீச்சருக்குக் கடைசிக் கவலை. ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது பேசவே மூச்சு வாங்கியது. "ஸ்கூல் முடிஞ்சா அம்மாமார் பழையபடி ஆத்துக்குள்ள அடைஞ்சுடுவா. அடுத்தது அதாக்கும்" என்றார். இவர்களுக்கென்று பகலில் இருக்க ஓர் இடம் கேட்டு அலைந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. இனி அதை யார் கேட்கப் போகிறார்கள்? நாங்கள்தான் கேட்க வேண்டும். ஆனால் அவர் இல்லாமல் கேட்க எங்களுக்கு இன்னும் தைரியம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையிலிருந்து நேரே பள்ளிக்குப் போய் கார்த்தியைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்தக் காலத்துப் படிக்கட்டு அம்மாக்கள் எல்லோரும் வந்திருந்தோம். கார்த்தி தலைமாட்டில் உட்கார்ந்தான். "டீச்சர்" என்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தான். அப்புறம் கூப்பிடவில்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

எடுக்கும் நேரம் வந்தபோது ஆண்களோடு அவனும் எழுந்தான். டீச்சர் வீட்டு வழக்கத்தில் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். நான் அவன் கையைப் பிடித்தேன். டீச்சரின் அண்ணன், "அவனும் வரட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"சார், அவனுக்கு வலிப்பு வரும். வந்தா..."

"ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணம். வாயில ஒண்ணும் வைக்கப்படாது. தெரியும்மா. விசாலம் எங்காத்துல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கா."

நான் கையை விட்டேன். வண்டியில் அவர் பக்கத்தில் கார்த்தி உட்கார்ந்தான். கதவு சாத்தினார்கள். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் ஷெரீனா என் தோளைத் தொட்டு, "ஆட்டோ விளிக்கணோ? பின்னாலே போகலாம்" என்றாள். முனையில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்றேன்.

டீச்சர், போய் வாருங்கள். உங்களோடு மயானம் வரைக்கும் கார்த்தி வந்தான். நான் வீட்டுக்குப் போனேன்.