சோனியா கேட்ட மூல நிரல்

சில நாட்களாக ஆலை கேட்டில் சோனியாவின் பையை மட்டும் தனியாகத் திறந்து பார்க்கிறார்கள். சாப்பாட்டு டப்பாவைக்கூட விடுவதில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்கு நான்கு வருடமாக வருகிறவள். எலக்ட்ரிகல் பிரிவில் ஒரே பெண். பொடி எழுத்தை விடாமல் படிக்கிற பழக்கம் டிப்ளமா காலத்திலிருந்தே உண்டு. அதுதான் வினையாகப் போயிற்று.

உலையின் கண்ட்ரோல் பேனல் அடிக்கடி உறைந்து நின்றது. பழைய மாடல், புதிது வாங்குங்கள் என்று விற்ற கம்பெனி கைவிரித்தது. பேனல் திரையின் கடைசிப் பக்கத்தில் சோனியா ஓர் உரிமக் குறிப்பைப் பார்த்தாள். உள்ளே ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, வாங்கிய மூன்று ஆண்டுக்குள் கேட்டால் தரவேண்டுமாம். ஒன்பது நாள் பாக்கியிருந்தது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். பேனலின் வரிசை எண்ணும், யாருக்கும் காட்டமாட்டேன் என்று ஒரு கையெழுத்தும் வேண்டும் என்று பதில் வந்தது.

பதில் முதலில் சூப்பர்வைசர் அப்பாவுவின் கண்ணில் பட்டது.

“இன்னாமா, யாருக்குக் குடுக்கப் போற?”

“எங்கூடப் படிச்ச ரகுவுக்கு சார். அவன்தான் சரி பண்ணுவான்.”

“பாத்தியா, வெளிய குடுக்கறேன்னு நீயே ஒத்துக்கினே.”

“அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்னு உரிமத்துலயே போட்டுகீது சார். அந்தக் கையெழுத்துதான் அவங்க கேக்கக் கூடாது.”

“சும்மா குடுப்பானாம், ஊருக்கே காட்டலாமாம். எவன் நம்புவான்?”

அன்று தொடங்கியது பைச் சோதனை.

வரிசை எண் அச்சிட்ட தகடு பேனலில் இருந்தது; எண்தான் இல்லை. ஆயுத பூஜைக்கு அந்தத் தகட்டில்தான் சந்தனம் பூசுவார்கள். போன வருடம் அப்பாவுவே பெயின்ட் தின்னர் போட்டுத் தேய்த்ததில், சந்தனத்தோடு எண்ணும் போய்விட்டது.

“பேனல் வந்தன்னிக்கு போட்டோ எடுத்தீங்களே சார்.”

“போன் உன் கைக்கு வராது.”

திரும்பி நின்று, படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறாரோ என்று அவளுக்கும் சந்தேகம். “ஆறா சார், எட்டா?” என்று மூன்று முறை கேட்டாள்.

கையெழுத்துப் போடாமல், உரிமத்தின் வரியை மட்டும் எடுத்தெழுதி அனுப்பினாள். எட்டாம் நாள் நிரல் வந்தது. அப்பாவுவின் கம்ப்யூட்டரிலேயே, அவர் பின்னால் நிற்க, இறக்கினாள்.

அந்த நிரலில் ரகு பிழையைத் திருத்தியபின் பேனல் உறையவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, அப்பாவு கேட்டுக்கு வந்து காவலாளி கலியனிடம் சொன்னார்: “வுடுப்பா அந்தப் பொண்ண.”

சோனியா தானே பையைத் திறந்து, டப்பாவின் மூடியையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். அப்பாவு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அதற்கு முன் எட்டிப் பார்த்துவிட்டார்.