மந்திரமூர்த்தியின் தண்ணி ஃபேன்

பந்தல் காண்ட்ராக்டர் மந்திரமூர்த்தி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றே வளர்ந்த தூத்துக்குடிக்காரர். ஒரு சொட்டைக் கீழே கொட்ட மனசு வராது. கல்யாணங்களுக்கு அவர் வாடகைக்கு விடும், சாரல் அடிக்கிற ஃபேனின் தொட்டியில் மிஞ்சிய தண்ணீர், அடுத்த கல்யாணத்துக்கு அப்படியே போகும்.

மகள் கல்யாணத்துக்கும் அதே ஃபேன்தான். சம்பந்தி வீட்டாரை மரியாதையாக அதன் முன்னால் உட்கார வைத்தார். ஓரிரு நாளில் அவர்கள் அத்தனை பேருக்கும் காய்ச்சல், உடம்புவலி. அது தானாகவே சரியாகிவிட்டது. பழி சாம்பார் மேல் விழுந்தது. அப்புறம் மந்திரமூர்த்தியே இருமி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒட்டிக்கொள்ளுமோ என்று சம்பந்திகள் எட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

ஊசியில் தேறியதும் டாக்டர் சொன்னார்: "டெஸ்ட்ல தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. எல்லாம் லெஜியோனெல்லாங்கிற ஒரே கிருமி. பழைய தண்ணியில வளந்து, சாரலோட மூச்சுல போயிரும். உங்க சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு வந்தது பான்டியாக் காய்ச்சல், தானாப் போயிரும். உங்களுக்கு வயசு, பீடி. நுரையீரல்ல எறங்கி நிமோனியா ஆயிட்டு. மருந்து இல்லேன்னா உயிருக்கே ஆபத்து. ஆனா ஆளுக்கு ஆள் ஒட்டாது."

அவர் மனைவி முத்துக்கனி அதைப் போனில் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். சாயங்காலமே சம்பந்தி வீட்டார் ஆர்லிக்ஸ் பாட்டில்களோடு கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் விசிறியபடி சொன்னாள்: "இங்கன ஒரே புழுக்கமா இருக்கே சம்பந்தி. உங்க ஃபேனைக் கொண்டாரச் சொல்லவா?"