வலது கையால் கொடுத்த சாவி

பழைய கார் தரகு என்பது ஒருவருடைய தலைவலியைக் கழற்றி இன்னொருவர் தலையில் மாட்டிவிட்டு, இரண்டு பேர் செலவிலும் காப்பி குடிக்கிற தொழில். சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்துத் திண்டுக்கல்லில் நான் அதை ஆரம்பித்தேன். கொடைக்கானல் மலையில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் விட்டுப்போன வண்டிகளைக் கீழே இறக்கி நம் ஆட்களுக்கு விற்பதுதான் வேலை. ஓட்டத் தெரியாதவர்கள் வாங்கினார்கள், விற்க மனமில்லாதவர்கள் விற்றார்கள், திட்டு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்கு வந்தது. பழைய கார் வாங்கி அவஸ்தைப்பட்டவர்களுக்கும், விற்றுவிட்டுத் தூக்கம் கெட்டவர்களுக்கும் நான் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

கயிறும் சாவியும்

என் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விலை படிந்ததும் விற்கிறவர் மாட்டுக் கயிற்றை வலது கையால் எடுத்து வாங்குகிறவர் கையில் கொடுப்பார். கயிறு கைமாறினால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் மாடு படுத்தாலும் முட்டினாலும் வாங்கியவர் பாடு. இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் காருக்குக் கயிறு எது என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

கன்னிவாடியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். காரின் முன்பக்கக் கம்பிகளுக்குள் விரலை விட்டுப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். விலாவில் தட்டினார். எங்காவது கெட்ட சுழி இருக்குமோ என்று கதவு முழுக்கத் தடவினார். கடைசியில் நான் சொன்னதில் பாதி விலையைக் கேட்டார். பேரம் பேசிக்கொள்ளலாம், முதலில் ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தேன். கூட வந்த மருமகன் ஓட்டிக்கொண்டு போனான். போன வண்டி சாயங்காலமாகியும் திரும்பவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு கன்னிவாடிக்குப் போனால், காருக்கு மாலை போட்டுச் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கேட்ட விலைக்கு நான் தலையாட்டவே இல்லையே என்றேன். அவருக்கு என்னைவிட அதிக ஆச்சரியம்.

"கயித்தக் கையில குடுத்துப்புட்டு, இப்ப வந்து மாட்டத் தரமாட்டேங்கிறியேப்பு, இது நாயமா?"

இடது கைச் சட்டம்

அந்தப் பாதி விலையோடு சைக்கிளில் திரும்பிய பிறகு ஒரு சட்டம் போட்டேன். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற சாவியை இடது கையால்தான் கொடுக்க வேண்டும். இடது கையால் ஒரு பொருளை நீட்டினால் நம் பக்கத்தில் அவமரியாதை. அதனால் இடது கையால் கொடுத்ததை யாரும் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வலது கையால் கொடுத்தால் வண்டி போனது போனதுதான். சந்தைக்குப் போய்ப் பழகினவர்களுக்கு இது உடனே பிடித்துவிட்டது. கொஞ்ச நாளில் என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட இந்தச் சட்டம் தெரிந்திருந்தது.

சந்தியாகு வாத்தியார் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தன்னுடைய சின்னக் கறுப்புக் காரை விற்றுத் தரச் சொல்லி என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். வாங்க வந்தவர் ஒரு வயதான டாக்டர். வாத்தியார் பிள்ளைகளுக்கு ஜுரம் என்றால் நடுமழையிலும் வந்து பார்த்த மனிதர். அவருக்கு நேராக இடது கையை நீட்ட வாத்தியாருக்கு மனசு வரவில்லை. சாவியை வலது கையால் கொடுத்துவிட்டார். டாக்டர் ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் வாத்தியாருக்கு விற்கிற எண்ணமே போய்விட்டது. கண் கலங்கி நிற்கிறார். டாக்டரோ எட்டு ஊருக்குத் தெரிந்த சட்டத்தைச் சொல்கிறார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு வாத்தியார் மேல்தான் இரக்கம். ஆனால் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஊர் ஊராகச் சைக்கிள் மிதிக்கப் போவது நான். "வலது கைன்னா வலது கைதான் சார்" என்றேன். வாத்தியார் காரை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார்.

"சரிப்பா சவரிமுத்து. சட்டம் நல்ல சட்டந்தான். ஒனக்கும் சேத்துத்தான போட்ட?"

மூணாவது ஆள்

தரகன் எந்த வண்டியையும் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வைத்துக்கொண்டேன். ஒரு துரை விட்டுப்போன சிவப்பு வண்டி, ரேஸ் ஓட்டுகிற ரகம். கூரை கிடையாது, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். திண்டுக்கல்லில் அதற்கு மொட்டை வண்டி என்று பெயர். விற்பதற்குத்தான் மலையிலிருந்து இறக்கினேன். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நான் நினைப்பதற்கு முன்னால் அது திரும்பியது. கீழே வந்து சேர்ந்தபோது அதை இன்னொருவருக்குக் காட்ட எனக்கு மனமில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு அறை. அம்மா, கல்யாணமாகாத இரண்டு தங்கைகள், புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்து தங்கிவிட்ட அத்தை, அத்தையின் மகள், இவர்களுக்கு நடுவில் நானும் என் மனைவி ஞானமும். வீட்டில் அவள் பேசி நான் கேட்டதே குறைவு. சாயங்காலத்தில் வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, ஓட்டிப் பார்க்கணும் என்று சாக்குச் சொல்லி அவளை ஏற்றிக்கொண்டு பழனி ரோட்டில் போவேன். ஊர் தாண்டியதும் முந்தானையைத் தலையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். எங்கள் அத்தை மாதிரியே பேசிக் காட்டுவாள். அவளுக்கு அவ்வளவு சிரிக்கத் தெரியும் என்பதே அந்த வண்டியில்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் நல்ல மழையில் மாட்டிக்கொண்டு தொப்பலாக நனைந்தோம். கூரை போட்ட வண்டியாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

"நனைஞ்சா என்னங்க, வீட்டுல போயித் துவட்டிக்கிருவோம். மூணாவது ஆளுக்கு இதுல எடமில்லைல, அது போதும்."

ஆயக்குடிக்காரர்

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒருநாள் என் கொட்டகை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதன் மூக்கு மட்டுமே என் மொட்டை வண்டியின் நீளம். எட்டு சிலிண்டர். ஏதோ ஒரு சமஸ்தானத்துக்காரர் சீமையிலிருந்து வரவழைத்து, பிறகு கைவிட்டது. மணிக்கு நூறு மைலைச் சுலபமாகத் தாண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் அதிலிருந்து இறங்கினார். நேராக என் சிவப்பு வண்டியிடம் போய் நின்றார். வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்வோம், மேலே ஒன்றும் தர வேண்டாம் என்றார்.

இத்தனை வருஷத் தொழிலில் யாராவது இப்படிக் கேட்டால், அந்த வண்டியில் என்ன கோளாறு என்றுதான் முதலில் கேட்பேன். நானும் கேட்டேன். என்ஜினைத் திறந்து காட்டினார். ஒரு குறையும் இல்லை. அதைப் பார்த்ததும் என் புத்தி மழுங்கிவிட்டது. அப்படியென்றால் எதற்கு மாற்றுகிறீர்கள் என்றேன். அவர் சொன்ன பதில் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"ஏனுங்க, இத வாங்குன நாள்ல இருந்து சொந்தக்காரங்க கல்யாணம், காதுகுத்து அத்தனைக்கும் நாந்தானுங்க டிரைவரு. ரெண்டு சீட்டு வண்டின்னா எவனும் 'நானும் வாரேன்'னு வந்து ஏறமாட்டானுங்கல்லங்க?"

ஆளுக்கொரு யோசனை

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அதோடு என் நிம்மதி போயிற்று. ஆயிரம் பேருக்கு 'மாத்துங்க, யோசிக்காதீங்க' என்று சொன்ன வாய் இது. இப்போது எல்லோரும் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். பட்டறைக்காரர் அந்த என்ஜினைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு மாற்றச் சொன்னார். பெட்ரோல் பங்க்காரர் சொன்னதற்குக் காரணம் கேட்கவே வேண்டாம். ஞானத்திடம் கேட்டேன். உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் புளியைக் கரைக்கப் போய்விட்டாள். இரண்டு வண்டியையும் மனசுக்குள் ஓட்டி ஓட்டி நான் களைத்துப்போயிருந்த நேரத்தில், அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏலே, பெத்தவளக் கார்ல வச்சுக் கூட்டிட்டுப் போக ஒனக்கு நேரமில்லன்னு நெனைச்சேன். எடந்தான் இல்லைன்னா, அந்தப் பெரிய வண்டிய வாங்கித் தொலையேன்."

ரோட்டில் கொள்ளு

ஆயக்குடிக்காரர் மறுபடி வந்தார். சட்டம் தெரிந்தவர். ஓட்டிப் பாருங்கள் என்று தன் சாவியை இடது கையால் நீட்டினார். அவரைக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டுப் பழனி ரோட்டில் கிளம்பினேன். ஊர் எல்லையைத் தாண்டி மிதித்தேன். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. புளியமரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் எதையும் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

அந்தச் சந்தோஷம் அடுத்த வளைவு வரைக்கும்தான். அறுவடை முடிந்த தை மாதம். ரோட்டை அடைத்துக் கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மொட்டை வண்டிக்கு இது பழக்கம், ஓரமாக நெளிந்து போய்விடும். இதற்கு ஓரம் போதாது. பிரேக்கை அழுத்திக் கொள்ளுக்கு முன்னால் வந்து நிறுத்தினேன். புளியமரத்தடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து, முன்னும் பின்னும் காரைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தாள்.

"நல்ல கனமான வண்டியா இருக்கப்பு. செத்த நேரம் முன்னயும் பின்னயுமா ஓட்டிக் குடுத்துட்டுப் போ, வெயிலுக்குள்ள தூத்திப்புடுவேன்."

என் வலது கை

ஓட்டிக் கொடுத்தேன். நூறு மைல் போகிற வண்டி, மாடு மிதிக்கிற வேகத்தில் முன்னும் பின்னும் நகர்ந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்த வேகத்துக்கு இந்த ஜில்லாவில் ரோடு கிடையாது. என் மொட்டை வண்டி எனக்குப் போதும், ஞானத்துக்கும் அதுதான் போதும். மனசு லேசாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வார்த்தையெல்லாம் தயார் செய்துகொண்டு திரும்பி வந்தேன்.

கொட்டகையில் சந்தியாகு வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காரை விற்ற நாளிலிருந்து தினமும் வந்து ஏதாவது ஒரு வண்டியில் உட்கார்ந்துதான் படிப்பார். ஆயக்குடிக்காரர் எழுந்து, வீட்டம்மாவிடம் கொடுங்கள் என்று ஒரு கூடை கொய்யாப்பழத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக் கீழே வைத்தேன். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், நானும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேனே என்று சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். என் அப்பா வயசு. அவருடைய வண்டியை நான் ஆசைதீர ஓட்டியிருக்கிறேன். ஒரு சுற்று ஓட்டட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மொட்டை வண்டியின் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

பேப்பர் சத்தம் நின்றது. வாத்தியார் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் நானும் பார்த்தேன். நீட்டியிருந்தது வலது கை. ஆயக்குடிக்காரர் தங்கமான மனிதர். தெரியாமல் கொடுத்திருந்தால் வேண்டாமுங்க என்று சாவியைத் திருப்பி நீட்டினார். வாங்கிக்கொள்ள என் விரல் துடித்தது. ஆனால் வாத்தியார் எதிரில் நின்று அதை எப்படி வாங்குவது? "வலது கைன்னா வலது கைதாங்க" என்றேன். சிவப்பு வண்டி ரோட்டில் ஏறித் திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். வாத்தியார் வந்து என் தோளில் கை வைத்தார்.

"எனக்குச் சந்தோசம்னு நெனைக்காதப்பா. அன்னைக்கு நானும் இந்த எடத்துலதான் நின்னேன்."

ஏழு பேர்

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். ஞானம் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். பழக்கூடை என்று பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை என்றேன். அவள் அடுத்த பழத்தை எடுத்து நறுக்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் ஏறினார்கள். முன்னால் என் பக்கத்தில் அம்மா, அவளுக்கு அந்தப் பக்கம் அத்தை. பின்னால் தங்கைகள், அத்தை மகள், அந்தக் கடைசி மூலையில் கதவோடு கதவாக ஞானம். பழனி ரோட்டில் போனோம். அம்மாவுக்கு ஒரே பெருமை, வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கையை ஆட்டினாள். ஊரைத் தாண்டியதும் பழக்கத்தில் நான் ஞானத்தின் பேச்சுக்காகக் காதைக் கொடுத்தேன். எட்டு சிலிண்டர் சத்தமும் அத்தையின் குரலும்தான் கேட்டன. வெங்காயத் தோட்டங்கள் வந்தன, போயின. வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, வண்டி எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள், அது கலையவே இல்லை.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. நீங்கதான் ரொம்ப தூரத்துல உக்காந்திருக்கீங்க."

இரண்டு பேர் உட்காருகிற வண்டியைக் கொடுத்து ஏழு பேர் உட்காருகிற வண்டியை வாங்கிய என் வியாபாரத்தில், எனக்கு நஷ்டமானது ஒரே ஓர் ஆள்தான்.